பன்னிரண்டாவது நாற்காலி

பச்சமுத்து இந்த வருஷம் வரமாட்டார் என்று உபதேசியார் சொன்னதும் இருதயராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரிய வியாழக்கிழமை, மணி மூன்று. ஆறு மணிக்குப் பூசை. பூசையில் சாமியார், இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவியாக வேண்டும். இருதயராஜ் நீங்கலாகப் பத்துப் பேர் இந்நேரம் காலைத் தேய்த்துக் குளித்து, நகம் வெட்டி, ஒருவர் பாக்கியில்லாமல் பவுடரும் போட்டுக்கொண்டு வீட்டில் தயாராக இருப்பார்கள். பன்னிரண்டாவது காலுக்கு இப்போது எங்கே போவது?

பச்சமுத்து எப்போது சொன்னார் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டாராம். கோயில் பேரவைச் செயலாளரான இவரிடம் சொல்லப் பயந்துகொண்டு உபதேசியார் நாலு நாளாக வாயைத் திறக்கவில்லையாம். இருதயராஜ் அவரைப் பார்த்த பார்வையில் மனுஷர் மெழுகுவர்த்திப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பூசைப் பொருட்கள் வைக்கும் சக்ரீஸ்துக்குள் போய்விட்டார்.

செஞ்சி அடைக்கல மாதா கோயிலில் இந்தப் பாதம் கழுவும் சடங்குக்கு ஒரு தனிக் கூத்து உண்டு. முப்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு சாமியார், பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று பன்னிரண்டு நாற்காலிகளின் முதுகிலும் பன்னிரண்டு சீடர்களின் பெயர்களை எழுதி ஒட்டினார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஊரைத் தெரியாத மனுஷர். அடுத்த வருஷமே, சீடர்களில் தலைவரான இராயப்பர் நாற்காலிக்கு அடிதடி. அருளப்பர் நாற்காலி எங்கப்பா உட்கார்ந்தது என்று ஒரு வீடு, தோமையார் எங்களுக்கு என்று இன்னொரு வீடு. இப்படியே பதினொரு நாற்காலிகளும் பதினொரு குடும்பங்களுக்குச் சொந்தமாகிவிட்டன. காட்டிக்கொடுத்த யூதாஸ் நாற்காலிக்கு மட்டும் நாதி இல்லை.

பின்னால் வந்த சாமியார் ஒருவர் அந்தப் பெயரின் மேல், யூதாஸ் இடத்துக்குப் பின்னால் வந்த சீடர் 'மத்தியா' என்று வேறு காகிதத்தை ஒட்டிப் பார்த்தார். யாரை ஏமாற்றுவது? அடியில் என்ன இருக்கிறது என்று ஞாயிறு வகுப்புக்குப் போகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அதில் உட்கார்ந்தவன் வீட்டில் கறவை மாடு செத்தது, உட்கார்ந்த இன்னொருவன் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்று கதைகள் வேறு. கடைசியில், காலனியிலிருந்து வரும் பச்சமுத்துதான் ஒருநாள் கூட்டத்தில் எழுந்து, யாராவது உட்கார வேண்டும் இல்லையா, நானே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். பதினேழு வருஷமாக அந்த நாற்காலி அவருடையது. சாமியார் கழுவும்போது பித்தவெடிப்பில் சோப்புத் தண்ணீர் எரியுமோ என்னவோ, கண்ணை மூடிக்கொள்வார். முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுவார். நல்ல ஆள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

இருதயராஜ் உட்காருவது இராயப்பர் நாற்காலி. பங்குப் பேரவைச் செயலாளர், திருவண்ணாமலை ரோட்டில் சூசை ஹார்டுவேர்ஸ் முதலாளி, பெரிய வெள்ளியன்று எல்லோரும் முத்தமிடும் சிலுவையைத் தாங்கிப் பிடிக்கிறவர், பொங்கலுக்கு நூறு ஏழைகளுக்குப் போர்வை கொடுத்து போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவர். இத்தனை பெருமையும் இன்று ஆறு மணிக்கு ஒரு காலி நாற்காலியால் போய்விடும். அவர் வண்டியை எடுத்தார்.

சிங்கவரம் ரோட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. கோட்டை மலைப் பாறைகள் அனலைக் கக்கின. வழியெல்லாம் அவர் மனசுக்குள் பேசிக்கொண்டே போனார். ஒரு நாள், வருஷத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் முடியாதாமா? அப்படி என்ன தலைபோகிற வேலை அந்த ஆளுக்கு?

காலனியில் கடைசி வீடு. முன்பக்கம் யாரும் இல்லை. பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். கீற்றுக் கொட்டகைக்குக் கீழே பச்சமுத்து தரையில் குந்தியிருந்தார். அவர் எதிரில் பழைய சேரில் ஒரு பெரியவர். அந்தப் பெரியவரின் ஒரு கால் பிளாஸ்டிக் டப்பில் ஊறிக்கொண்டிருந்தது. இன்னொரு காலை மடியில் வைத்துக்கொண்டு, காய்த்துப் போன தோலைக் கல்லால் பதமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார் பச்சமுத்து. அந்தக் காலில் இரண்டு விரல்கள் இல்லை. குதிகாலில் ரூபாய் அகலத்துக்குப் புண்.

இருதயராஜ் அந்தக் காலை மட்டும்தான் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வந்த வேலை வேறு. எடுத்த எடுப்பிலேயே நாற்காலி, பூசை, மானம், மரியாதை என்று பொரிந்து தள்ளினார். பச்சமுத்து கல்லைக் கீழே வைக்காமல் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். புண் நாலு நாளாக வாய் திறந்துவிட்டது, காய்ச்சலும் இருக்கிறது, இவரைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது, மன்னிச்சிக்கங்க என்றார்.

"யாருய்யா இந்த ஆளு? உன் சொந்தமா?" என்றார் இருதயராஜ்.

பச்சமுத்து வாயெடுப்பதற்குள் சேரில் இருந்தவர்தான் சொன்னார்.

"ராசு. சத்தம் போடாதடா. அக்கம்பக்கம் புள்ளைங்க தூங்குது."

ராசு என்று இருதயராஜைக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்த ஆள் செத்துப் பல வருஷமாகிவிட்டது. இருதயராஜ் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தார். தாடி வெளுத்திருந்தது, புருவத்தில் மயிர் இல்லை, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் கண்ணை எப்படி மாற்ற முடியும்? அவருடைய அண்ணன் சூசைநாதன் உயிரோடு உட்கார்ந்திருந்தார்.

கடைப் பலகையில் இன்றைக்கும் இருக்கிற சூசை அவர்தான். அப்பா போனபிறகு கல் உடைத்துத் தம்பியை பி.காம் வரைக்கும் படிக்க வைத்தவரும் அவர்தான், இரண்டு பேருமாக அந்தக் கடையைத் திறந்தபோது ஆணியும் பூட்டும் தலையில் சுமந்து வந்தவரும் அவர்தான். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் கையில் ஒரு தேமல் வந்தது. தொட்டால் உணர்ச்சியில்லை. தொழுநோய் என்றார்கள். பன்னிரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போதும், யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. வெளியூரில் வைத்தியம் பார்த்துக்கொள் அண்ணா என்று அனுப்பிவிட்டு, ஊருக்கு மும்பையில் வேலை என்று சொன்னார் இருதயராஜ்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், மகள் ஸ்டெல்லாவுக்கு நிச்சயம் பண்ணிய வாரம், நோய் குணமாகி அண்ணன் திரும்பி வந்தார். விரல்கள் மடங்கியிருந்தன, நடை சாய்ந்திருந்தது. கடைக்கு எதிர்ப்பக்கம் நின்று சிரித்தார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன ஆவது? இருதயராஜ் ரோட்டைத் தாண்டி ஓடினார். கையைப் பிடித்து, ஆமாம், கையைப் பிடித்துத்தான், விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினார். கல்யாணம் முடியட்டும் அண்ணா, நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார்.

கல்யாணம் முடிந்தது. வளைகாப்பு முடிந்தது. பேரனுக்கு மொட்டையும் போட்டாயிற்று. அவர் போகவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மடங்கிய விரலோடு ஒரு அநாதை செத்துக் கிடந்ததாக யாரோ கடையில் பேச்சுவாக்கில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். போய்ப் பார்க்கவில்லை. விசாரிக்கக்கூட இல்லை. மும்பையில் அண்ணன் தவறிவிட்டார் என்று ஊருக்குச் சொல்லி, அந்த நவம்பரிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் சூசைநாதன் ஆத்துமத்துக்காகப் பூசை வைத்தார். சொல்லச் சொல்ல அது அவருக்கே உண்மையாகிவிட்டது. மனுஷனுக்கு இந்த வித்தை ஒன்று போதும், எதையும் முழுங்கிவிடுவான்.

"ஒக்காரு ராசு. நிக்கிற" என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் இருதயராஜால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

பச்சமுத்துதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்த பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் பெரியவர் இறங்கிவிட்டார். மார்க்கெட் கமிட்டிச் சுவர் ஓரமாக நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மூட்டை இறக்கிவிட்டு வந்த பச்சமுத்து, காலில் கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தார். பெரியவருக்கு அது தெரியவே இல்லை. காலில் உணர்ச்சி செத்துவிட்டது. வலிக்காத கால் வலிக்கிற காலைவிட மோசம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தினமும் அரைமணி தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், காய்ப்பைத் தேய்க்க வேண்டும், எண்ணெய் தடவ வேண்டும், முள்ளோ கல்லோ ஏறியிருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்க்க வேண்டும். மடங்கிய கையால் அவரே செய்துகொள்ள முடியாது. அதனால் பச்சமுத்து செய்கிறார். எட்டு வருஷமாக, ஒரு நாள் விடாமல்.

மூன்று கிலோமீட்டர். கடைக்கும் இந்தக் கொட்டகைக்கும் மூன்றே கிலோமீட்டர்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று இருதயராஜ் கேட்டார்.

"ஐயாதான் சொல்லக்கூடாதுன்னாரு" என்றார் பச்சமுத்து. "பொண்ணு கல்யாணம் நடக்கட்டும்னாரு. அப்பறம், அவனே தேடிக்கினு வரட்டும்னாரு. நான் வருசா வருசம் அந்த நாற்காலில ஒக்காந்துக்கினு உங்களத்தான் பாப்பேன். இந்த வருசம் கேட்பீங்களோ, இந்த வருசம் கேட்பீங்களோன்னு."

"நீ எனக்குப் பூசை வெக்கிறியாம்ல?" என்றார் அண்ணன். "பச்சமுத்து வந்து சொல்லுவான். பேர சரியா வாசிச்சாங்களான்னு கேட்டுக்குவேன்."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கிண்டலாகச் சிரிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குச் சிரிப்பாக இருந்தது.

இருதயராஜ் அந்த மண்ணில் தொப்பென்று உட்கார்ந்தார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பத்தெட்டு வயது ஆள், வெள்ளை வேட்டி சட்டையோடு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கினார். பச்சமுத்து பார்க்கச் சகிக்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு, விளாவக் குளிர்ந்த தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று தெருக் குழாய்ப் பக்கம் போனார்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நான் கழுவுகிறேன். என் அண்ணன் கால், நான்தான் கழுவ வேண்டும். எட்டு வருஷப் பாவத்தையும் இப்போதே, இந்த நிமிஷமே கழுவிவிட வேண்டும். இன்னொரு காலையும் தூக்கி டப்பில் வைத்தார். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. பக்கத்து அடுப்பில் ஒரு பாத்திரம் வெந்நீர் இருந்தது. துண்டால் பிடித்து எடுத்தார். கண்ணெல்லாம் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. அண்ணா, அண்ணா என்று சொல்லிக்கொண்டே முழுசாக ஊற்றினார். பாத்திரத்தை வைத்துவிட்டு, அந்தக் கால்களைப் பிடிக்கத் தண்ணீருக்குள் இரண்டு கைகளையும் விட்டார்.

அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார். கை வெந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால், அண்ணன் அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களும் அந்தக் கொதிக்கிற தண்ணீருக்குள் அசையாமல் இருந்தன. தம்பி ஏன் விழுந்தான் என்று தெரியாமல் குனிந்து பார்த்தார்.

"இன்னாடா ஆச்சு? தேள் ஏதாச்சும் கொட்டிடுச்சா?"

ஐயோ, அந்த ஒரு கேள்வியை இருதயராஜ் சாகும்வரை மறக்கப் போவதில்லை. கால், கால் என்று கையைக் காட்டினார். குடத்தோடு வந்த பச்சமுத்து தூரத்திலேயே ஆவியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். டப்பைக் காலால் எட்டி உதைத்தார். குடத்துத் தண்ணீர் முழுவதையும் அந்தக் கால்களில் ஊற்றினார். மறுபடி ஓடினார், மறுபடி ஊற்றினார். அவர் யாரையும் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை, மூச்சு வாங்கிக்கொண்டே, கையை வைத்துப் பார்க்காமல் ஊற்றலாமா ஐயா என்றார். கணுக்கால் வரை தோல் சிவந்து, இருதயராஜ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளம் கிளம்பியது.

பக்கத்து வீட்டு தேவேந்திரன் ஆட்டோவில் மூன்று பேரும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அண்ணனின் கால்கள் பச்சமுத்து மடியில் இருந்தன. மேடு பள்ளத்தில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் அவர் அந்தக் கால்களை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். இருதயராஜ் ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாதா கோயில், மாதா கோயில் என்று திரையில் மின்னியது.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த நர்ஸ் மோனிகா, கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கிற பெண். செயலாளரைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னாள். காலைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். பிறகு சீட்டு எழுத உட்கார்ந்தாள். பேஷண்ட் பேர் என்ன, நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

இருதயராஜுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது யாரோ ஒரு அநாதை, தர்மத்துக்குக் கூட்டிவந்தேன் என்றால், மோனிகா கைகூப்பிக் கும்பிடுவாள். சாயங்காலமே குரூப்பில் போட்டோ வந்துவிடும். அண்ணனும் ஒன்றும் சொல்லமாட்டார், பச்சமுத்துவும் சொல்லமாட்டார். இவ்வளவு வருஷம் சொல்லாதவர்கள் இப்போதா சொல்லப் போகிறார்கள்? அண்ணன் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு வசதியாக இருக்கட்டும் என்று திருப்பிக்கொண்டது போலத்தான் இருந்தது.

"சூசைநாதன்" என்றார் இருதயராஜ். "என் அண்ணன். கூடப் பொறந்த அண்ணன்."

மோனிகாவின் பேனா நின்றது. "அவரு... போன நவம்பர்கூட நாங்கதானே பாடினோம்?"

"ஆமாம்மா. உயிரோட இருக்கிறவருக்குத்தான் பாட வெச்சேன்."

அவள் குனிந்து அந்தப் பெயரைச் சீட்டில் எழுதினாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. போன் மறுபடி அடித்தது. வெளியே வந்து எடுத்தார். அந்தப் பக்கம் உபதேசியார் அழாத குறை. மணி ஐந்தே முக்கால், பன்னிரண்டாவது நாற்காலிக்கு யார், எடுத்துவிடவா என்று கேட்டார். இருதயராஜ் மேலே ஒட்டியிருக்கிற மத்தியா காகிதத்தைக் கிழித்துவிடச் சொன்னார். அடியில் இருக்கிற பெயர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பிப் போடச் சொன்னார். யார் உட்காரப் போவது என்று உபதேசியார் திக்கித் திணறிக் கேட்டார்.

"அந்த நாற்காலிக்கு எம் பேர வாசிச்சிடு. ஆள் வரலன்னும் சொல்லிடு. ஏன்னு கேட்டா மோனிகா வந்து சொல்லும்."

போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தபோது அண்ணன் கால்களுக்குக் கட்டு போட்டு முடித்திருந்தார்கள். இவர் கைகளுக்கும் மருந்து வைத்துக் கட்டினார்கள். சீட்டில் இன்னும் ஒரு இடம் பாக்கியிருந்தது. ஒரு மாசத்துக்குத் தினமும் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்ற வேண்டும், வீட்டில் யார் செய்வார்கள், பெயரும் போன் நம்பரும் வேண்டும் என்றாள் மோனிகா. இருதயராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"பச்சமுத்துன்னே எழுதிக்கம்மா. தம்பி வேணாம். அவன் தண்ணியத் தொட்டுப் பாக்க மாட்டான்."

குத்திக்காட்டவில்லை. மோனிகாவுக்கு விவரம் சொல்வது போலத்தான் சொன்னார். நடந்ததைச் சொன்னார். ஆனாலும் வெந்த கையைவிட அது எரிந்தது. இருதயராஜ் இரண்டு கைகளையும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு கேட்டால் அண்ணன் உடனே கொடுத்துவிடுவார். அது அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலை அவரிடம் கொடுக்கமாட்டார். அதுவும் சரிதான்.

சீட்டில் தன் பெயர் எழுதப்படுவதைப் பச்சமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருதயராஜ் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு நாலு மணிக்கு வாங்க ஐயா. கையில கட்டு இருக்குது, கழுவ முடியாது. பக்கத்துல ஒக்காந்துக்கினு தண்ணி வெளாவறத மட்டும் பாருங்க. அதான் மொதல்ல கத்துக்கணும்."

"வரேங்க" என்றார் இருதயராஜ். பச்சமுத்துவிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசுவது அதுதான் முதல் தடவை. பச்சமுத்து கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் பெரியவரின் செருப்பைக் கவிழ்த்து, உள்ளே கல் ஏதாவது இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெரிய வெள்ளி. நாலு மணிக்கு அடைக்கல மாதா கோயிலில் சிலுவையைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் தேடினார்கள். யார் யாரோ என்னென்னவோ பேசினார்கள். அந்த நேரத்தில் காலனியின் கடைசி வீட்டுக் கொட்டகையில், கட்டுப் போட்ட கையை மடக்கிவைத்துக்கொண்டு, செயலாளர் தன் முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஆறணும்" என்றார் பச்சமுத்து.

இருதயராஜ் காத்திருந்தார்.